யாங்டோலுக்குப் போட்ட ஊசி

நான் தேநீரில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. உப்பும் வெண்ணெயும் போட்டுத் தேநீர் கடையும் இந்த ஊரில் அது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. கோட்டயத்தில் இருந்திருந்தால் முதல் கல்யாண வீட்டிலேயே பிடிபட்டிருப்பேன். லடாக்குக்கு மாற்றல் வந்தபோது நான் வருத்தப்படாததற்கு இதுவும் ஒரு காரணம், கர்னல் சார்.

போன வாரம் மெஸ்ஸில் மயங்கி விழுந்ததால் என் நோய் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. படையில் நர்ஸாகச் சேரும்போது அதை எப்படி மறைத்தேன் என்று கேட்டீர்கள். அது சுலபம். இன்சுலினை ஒரு சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட சர்க்கரை ரத்தத்தில் வந்து நிற்கிறது. சாவி இருந்தால்தான் உடம்பின் அறைகளுக்குள் போகும். என் உடம்பு பதினேழு வயதில் சாவி செய்வதை நிறுத்திக்கொண்டது. வெளியிலிருந்து அளவாகச் செலுத்திக்கொண்டால் எல்லாம் முன்போலவே நடக்கும். தேர்வு நாளன்றும் அப்படித்தான் போனேன். சிறுநீர் சுத்தம், ரத்தம் சுத்தம். கடைசியில் டாக்டரம்மா தலை நிமிராமலே கேட்டார், ஏதாவது நோய் உண்டா என்று.

ரயிலடியில் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். "மோளே, நீயா வாயைத் திறக்காதே. அவங்களா கேட்டா மட்டும் இல்லேன்னு சொல்லு. கேக்காததுக்குப் பொய் சொன்னாத்தான் பாவம்."

எனக்கு முன்னால் நின்ற பெண் ஆஸ்துமா உண்டு என்று உண்மையைச் சொன்னாள். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டியதைப் பார்த்துக்கொண்டேதான் நான் ஒன்றுமில்லை என்றேன்.

அதன்பின் வருடக்கணக்கில் எந்தத் தொந்தரவும் இல்லை. அம்மா ஊறுகாய்ப் பார்சலுக்குள் மருந்தை வைத்து அனுப்புவார். இந்தக் குளிர்காலத்தில்தான் பனியில் கணவாய் மூடி, பார்சல் வருவது நின்றுபோனது. என் அறையில் புகாரி அடுப்பு ஒருநாள் அணைந்துபோய், பெட்டிக்குள் இருந்த மருந்து உறைந்துவிட்டது. உறைந்து உருகிய இன்சுலினைப் பார்த்தால் நல்ல மருந்து மாதிரியே தெளிவாக இருக்கும். வேலை மட்டும் செய்யாது.

ஆஸ்பத்திரியில் அப்போது இன்சுலின் தேவைப்பட்டது ஒருத்திக்குத்தான். யாங்டோல், பதின்மூன்று வயது. மலைமேல் இருக்கும் காவல் நிலைகளுக்கு நம் மூட்டைகளைச் சுமக்கும் பூன்சோக்கின் மகள். அவளுக்கும் என் நோய்தான். அவளுடைய புட்டிகளை மருந்தறை ஹவில்தார் பிஷ்ட் மரப்பெட்டியில் வைக்கோல் அடைத்து, வெந்நீர்ப் பையை மாற்றி மாற்றி வைத்துக் காப்பாற்றினார். "என்ன கோழியம்மா, எப்போ குஞ்சு பொரிக்கும்?" என்று ஜவான்கள் கேலி செய்வார்கள். பிஷ்ட் சிரித்துக்கொண்டே பெட்டியை இன்னும் கொஞ்சம் அடுப்புப் பக்கம் நகர்த்துவார்.

புட்டியின் வாயில் ரப்பர் மூடி இருக்கிறதல்லவா, அது நல்ல ஏற்பாடு. ஊசியை எடுத்தவுடன் துளை தானாக மூடிக்கொள்ளும். எனக்கு வேண்டியதை உறிஞ்சிக்கொண்டு, அதே அளவு உப்பு நீரைச் செலுத்திவிட்டால் புட்டி பழையபடியே தெரியும். முதலில் கொஞ்சமாகத்தான் எடுத்தேன். ஒரே நோய் உள்ள இருவர் பங்கு போட்டுக்கொள்வதில் தவறில்லை என்று நினைத்தேன்.

அவள் சர்க்கரை இறங்கவில்லை. அவளைப் பார்த்துவந்த டாக்டர் மேஜர் மருந்தின் அளவைக் கூட்டினார். கூட்டியதால் புட்டி சீக்கிரம் காலியானது. அடுத்த புட்டியில் நான் முன்னைவிட அதிகமாக எடுக்க வேண்டியதாயிற்று. கணக்கு அப்படித்தான் போகும். மருந்து உறைந்திருக்கும் என்று எல்லோரும் தாங்களாகவே பேசிக்கொண்டார்கள். குளிர்மேல் பழி போடுவது இங்கே வழக்கம். அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

வானம் தெளிந்த ஒருநாள் ஹெலிகாப்டர் வந்தது. அவளை லே நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா என்று மேஜர் என்னிடம்தான் கேட்டார். அங்கே நல்ல மருந்தில் அவள் சட்டென்று தேறியிருப்பாள். பிறகு இங்கிருக்கும் புட்டிகளைச் சோதனைக்குக் கேட்டிருப்பார்கள். முன்னைவிடத் தெளிவாக இருக்கிறாள், அனுப்பத் தேவையில்லை என்றேன். முட்டைக்கோஸை இறக்கிவிட்டு ஹெலிகாப்டர் போய்விட்டது.

அன்று மாலை ஊசி போடும்போது யாங்டோல் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். தினமும் சோதனைக்கு விரல் நுனியைக் குத்திக்கொள்பவர்களுக்கு அங்கே சின்னச் சின்னப் புள்ளிகள் விழும்.

"அச்சே, உங்க விரல்லயும் என்னுது மாதிரியே புள்ளி இருக்கு."

"ஊசி வேலை பாக்கறவ விரல் பின்னே எப்படி இருக்கும்?"

"போங்க அச்சே. எனக்குத் தெரியும். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அச்சே என்றால் இவர்கள் மொழியில் அக்கா. உண்மையிலேயே ஓர் அக்கா கிடைத்துவிட்ட மாதிரி அவள் சிரித்தாள். மறுநாள் திறந்த புட்டியில் இருந்தது முழுக்க உப்பு நீர். இரண்டுக்கும் தொடர்பில்லை, சார். அது கடைசிப் புட்டி, எனக்கும் வேறு வழி இல்லை.

சாவி இல்லாத உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதிலிருந்து வரும் அமிலம் ரத்தத்தில் சேரும். மூச்சில் கனிந்த பழத்தின் வாசனை வரும். அமிலத்தை வெளியேற்ற நுரையீரல் ஆழமாக, வேகமாக இழுத்து இழுத்து விடும். உடம்பு கடைசிவரை தன்னைச் சரிசெய்துகொள்ளத்தான் பார்க்கிறது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் கவனித்தேன். அவள் கடைசி மூச்சு வரை கையை விடவில்லை.

பிஷ்ட் என்னிடம் வந்து அழுதார். "என் தப்புதான் சிஸ்டர். எப்பவோ கண் அசந்திருப்பேன். பை ஆறிப் போயிருக்கும்."

"மனசை வருத்திக்காதீங்க பிஷ்ட்ஜி. குளிர் யார் பேச்சைக் கேக்குது?" என்றேன். அவருக்கு ஆறுதலாகத்தான் சொன்னேன். விசாரணையில் அவர் அதையே சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். சட்டைக் கையிலிருந்த பதவிப் பட்டையைக் கிழித்து ஊருக்கு அனுப்பினார்கள். போகும்போதும் அந்தப் பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் போனார்.

பூன்சோக் எனக்கு ஒரு பை நிறைய உலர்ந்த ஆப்ரிகாட் பழம் கொண்டுவந்தான். "கூடவே இருந்தீங்க அச்சே. அவ உங்களைப் பத்தியேதான் பேசிட்டிருப்பா," என்றான். அந்தப் பழத்தில் சர்க்கரை மிக அதிகம். பிஷ்ட் ஊருக்குக் கிளம்பியபோது வழிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி அவரிடம் கொடுத்துவிட்டேன்.

போரில் காயம்பட்டவர்களைத் தரம் பிரிக்க நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். யார் பிழைத்தால் இன்னும் பலர் பிழைப்பார்களோ, அவரை முதலில் பார்க்க வேண்டும். ஒரு வார்டு முழுக்க ஜவான்கள் என்னை நம்பிக் கிடந்தார்கள். அவளை நம்பி யாரும் இல்லை. நான் தரம் பிரித்தேன், அவ்வளவுதான்.

என் நோயை மறைத்தது குற்றம்; அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். ஆனால் கடமையில் தவறினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். காலையும் மாலையும் அவளுக்கு ஊசி போட வேண்டியது என் பொறுப்பு. ஒரு வேளைகூட நான் தவறவிட்டதில்லை.