கல் பட்ட இடம்

— கதவைச் சாத்தாத மாப்ளே. அப்படியே விடு.

— ஏன் மச்சான், கதவு என்ன பண்ணுச்சு?

— நீ அறைஞ்சு சாத்துற சாத்துல முன் கண்ணாடி விரிசல் இன்னும் ஓடும். இது வண்டியோட வந்த கம்பெனிக் கண்ணாடி இல்ல. வெளியில வாங்கி மாட்டுனது. சும்மா தட்டுனாலே நீளும்.

— மாட்டுனதே நீங்கதானே.

— அதனாலதான் அதோட லட்சணம் எனக்குத் தெரியுது.

— சரி, சீக்கிரம் பசையை ஏத்தி விடுங்க. பள்ளிக்கூடம் விட்டுரும். பிள்ளைங்க வேனுக்காக வாசல்ல நிக்கும். உங்க மகளும் சேர்த்துதான்.

— தெரியும். கல்லுன்னு சொன்னே, இல்ல?

— ஆமா. முன்னால போன லாரி டயர்ல இருந்து தெறிச்சுது.

— எங்க வெச்சு?

— ரோட்டுல வெச்சுதான். லாரி என்ன எங்க வீட்டுக்குள்ளயா ஓடும்? போலீஸ்காரன் மாதிரி கேக்குறீங்களே.

— பசை ஏத்தணும்னா கல் பட்ட குழி வேணும்ப்பா. அது வழியாத்தான் உள்ள விடணும். நானும் தடவித் தடவிப் பாக்குறேன், நகத்துல ஒண்ணும் தட்டுப்படல. வெளிப்பக்கம் வழுவழுன்னு இருக்கு.

— சின்னக் கல்லு மச்சான்...

— சின்னக் கல்லுக்கா சிலந்தி வலை மாதிரி விரிஞ்சிருக்கு? தள்ளு, உள்ள உக்காந்து பாக்குறேன்.

— உள்ள எதுக்கு?

— தள்ளுப்பா.

— சரி, ஏறுங்க.

— இங்க இருக்கு.

— என்னது?

— உள்பக்கம். நகம் மாட்டுது. ஸ்டியரிங்குக்கு நேர் மேல. பக்கத்துல பிசுபிசுன்னு வேற ஒட்டுதே... காலையில இங்க ஒரு ஸ்டிக்கர் பாத்தேன்.

— பிள்ளைங்க ஒட்டியிருக்கும். பிச்சுட்டேன்.

— மத்தியானத்துக்குள்ள விரிசல் அதையும் தாண்டிருச்சு. அப்புறம் ஸ்டிக்கர் எதுக்கு, இல்ல?

— என்ன மச்சான் பேசுறீங்க...

— அந்தத் தொப்பி எப்ப வாங்குனே?

— இதுவா? சும்மா, வெயிலுக்கு.

— பட்டறைக்குள்ள எங்கப்பா வெயில்? கழட்டு.

— நேரம் ஆகுது மச்சான்.

— சரி, வேணாம். ஒரே ஒரு தடவை கேக்குறேன். கல்லுதானா?

— கல்லுதான். அக்கா மேல சத்தியமா.

— அவளை எதுக்கு இழுக்குற? ...சரி. விரிசல் நுனியில ஒரு துளை போட்டு நிறுத்தி வைக்கிறேன். மேல ஓடாது.

— அதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே. இவ்வளவு விசாரணை எதுக்கு? ...துளை போட இவ்வளவு அழுத்தணுமா?

— அழுத்துனாத்தான் இறங்கும்.

— மெதுவா மச்சான். அழுத்தாதீங்க... ஐயோ. என்ன சத்தம் அது?

— ஓடிருச்சு.

— இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும்... முன்னால ஒண்ணுமே தெரியாதே. இதை எப்படி ஓட்டுறது?

— ஓட்ட முடியாது.

— உங்க கையில ஒரு கண்ணாடி ஓடி நான் பாத்ததே இல்ல.

— ம்.

— இப்ப பிள்ளைங்களை யாரு போய்...

— உங்கக்கா ஆட்டோ பிடிச்சுப் போயிருக்கா. எல்லாரையும் அவளே வீட்டுல விட்டுருவா.

— இப்பதானே உடைஞ்சுது. அக்கா எப்பப் போனா?

— அந்தத் துணியை எடு, தூளைத் துடைக்கணும்.

— மச்சான். அக்கா எப்பப் போனா?

— கண்ணாடியில விரிசல்னு நீ போன் பண்ணியே, அப்பவே.

— அப்போ இதை வேணும்னேதான்...

— ஆமா.

— ...நேத்து கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு மச்சான். ஒரு நொடிதான். முழிச்சப்ப வண்டி பாலத்து ஓரத்துல இடிச்சு நிக்குது. நெத்தி கண்ணாடியில. பின்னால ஒரு பிள்ளைகூட அழல. சத்தமே இல்ல. திரும்பிப் பாக்கவே பயமா இருந்துச்சு.

— அதான் முதல் தடவையா?

— மூணாவது. மத்த ரெண்டு தடவையும் வண்டியில யாரும் இல்ல. டாக்டர்கிட்டப் போனா இனிமே வண்டியைத் தொடாதேன்னுடுவாரு. எனக்கு வேற என்ன மச்சான் தெரியும்? ...உங்களுக்கு யாரு சொன்னா? பிள்ளைங்க யாருமே சொல்ல மாட்டோம்னுதான் சொல்லுச்சுங்க.

— என் மக நேத்தே சொன்னா. மாமா ஓட்டும்போது தூங்கிட்டாரு, சொல்லக் கூடாதுன்னு எங்களுக்கெல்லாம் சாக்லேட் குடுத்தாருன்னு. பொய் சொல்றியான்னு ஒரு அடி வெச்சேன் மாப்ளே. காலையில உன் வண்டியில ஏற மாட்டேன்னு எங்க வீட்டுக் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. ஒவ்வொரு விரலாப் பிரிச்சு ஏத்தி விட்டது நான்தான்.