அச்சுக்கு வெளியே இருந்த சிவப்பு

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் உள்ளன. வயது நாற்பத்து நான்கு. பட்டப்படிப்பு முடித்தவள். பனியன் கம்பெனியில் ஒன்பது வருடமாகத் துணி சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். அங்கே என்னை ‘டீச்சர்’ என்று கூப்பிடுவார்கள். காயம்பட்ட கட்டிங் மாஸ்டர் எனக்கு உறவு அல்ல.

நேற்று காலை ஒன்பது மணிக்கு அவர் மேனேஜரிடம், “சார், மெஷின் கத்தியில விரிசல் விட்டிருக்கு, மாத்திட்டு ஓட்டுறேன்” என்று சொன்னதை அருகில் நின்று கேட்டேன். மேனேஜர், “மொதல்ல ஆர்டர் போகட்டும். உன் கத்திக்கு அப்புறம் வைத்தியம் பார்க்கலாம்” என்றார்.

அந்த ஆர்டர், ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப் படத்தை வைத்துச் செய்த டி-ஷர்ட். முன்பக்கம் அலறும் பெண்ணின் முகம், கழுத்திலிருந்து வயிறுவரை ரத்தம் வழிவதுபோல் சிவப்பு அச்சு. அதன்பிறகு பதினொரு மணிக்கு, விளம்பர வீடியோவுக்காக எல்லோரும் அதை மாட்டிக்கொள்ள வேண்டும் என்று மேனேஜர் சொன்னதால் மாட்டிக்கொண்டோம். மாஸ்டரும் மாட்டிக்கொண்டார், ஆனால் இயந்திரத்தை நிறுத்தக் கூடாது என்று அவருக்கு உத்தரவு.

அதன்பிறகு, வீடியோ எடுத்துக்கொண்டிருக்கும்போது, அவர் இடுப்பைப் பிடித்தபடி கட்டிங் அறையிலிருந்து தள்ளாடி வந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். மேனேஜர், “என்னமா நடிக்கிறான் பாருய்யா! விடாதே, கிட்டப் போய் எடு” என்றார். நானும் சிரித்தேன். மாஸ்டர் என்னிடம் வந்து, “டீச்சர், பாருங்களேன்” என்றார். நான் அவரைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்தேன். சிவப்பு, அச்சின் ஓரத்தைத் தாண்டி வலது பக்கம் போயிருந்தது. அச்சுப் பிழை என்று நினைத்து, பிழையைக் காட்ட நாங்கள் ஒட்டும் அம்பு ஸ்டிக்கரை எடுத்து அங்கே ஒட்டினேன். ஒட்டவில்லை. விரல் சூடாக நனைந்தது.

அதன்பிறகு நான் வீடியோவை நிறுத்தச் சொல்லிக் கத்தியதற்கு மேனேஜர், “டீச்சருக்கும் ஹீரோயின் ஆசை வந்துடுச்சு” என்றார். மறுபடியும் சிரித்தார்கள். மாஸ்டர் தரையில் சரிந்த பிறகுதான் சிரிப்பு நின்றது. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். உடைந்த கத்தியின் துண்டு விலாவுக்குக் கீழே இறங்கியிருந்தது. யாரும் அதைப் பிடுங்க விடாமல் தடுத்து, பெட்டியிலிருந்த புது டி-ஷர்ட்டுகளை அள்ளிச் சுற்றிலும் அழுத்தினேன். அப்போது மேனேஜர், “அய்யோ, அது பேக்கிங் பண்ண பீஸ்!” என்றார். இதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளும்படி கேட்கிறேன்.

அதன்பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து நான் திரும்பியபோது இயந்திரத்தில் புதுக் கத்தி மாட்டியிருந்தது.

மாஸ்டர் விளையாடியதால்தான் அடிபட்டது என்பதற்கு ஆதாரமாக மேனேஜர் அந்த வீடியோவைக் காவல் நிலையத்தில் கொடுத்திருப்பதாக அறிகிறேன். அதில் நான் பல் தெரியச் சிரிக்கிறேன். மறுக்கவில்லை. என் சிரிப்பு என்னுடைய குற்றம். அதை மாஸ்டர் தலையில் கட்ட யாருக்கும் உரிமை இல்லை. அவர் இன்னும் கண் திறக்கவில்லை. அவர் மனைவி என்னிடம், “அவரு விளையாடிட்டா இருந்தாரு, அக்கா?” என்று கேட்டாள். இல்லை.

இதுவரை நான் சொல்லக் காவலர் எழுதினார்; இனி என் கையால் எழுதுகிறேன். அவர் படித்துக் காட்டியபோது ஓரிடத்தில் ‘விளையாட்டாக’ என்று இருந்தது. அது நான் சொல்லாதது. அந்தச் சொல்லை அடிக்கச் சொன்னேன். “அர்த்தம் ஒண்ணும் மாறாதும்மா” என்றார். மாறும் என்றேன். அவர் அடித்து, அந்த இடத்தில் இருவரும் சுருக்கொப்பம் இட்ட பிறகு, மேலே உள்ளவை நான் கண்டதும் கேட்டதும் செய்ததும் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.