‘பார்த்தேன்’ என்று அழுத்திய விரல் என்னுடையது

ஆய்வாளர் ஐயா அவர்களுக்கு,

இந்த நேரத்தில் எழுதி அனுப்புவதற்கு மன்னிக்க வேண்டும். காலையில் காவல் நிலையத்தில் நான் சொல்லத் தொடங்கியதும் என் பிள்ளை அழுததால், வீட்டுக்குப் போய் எழுதி அனுப்பச் சொன்னீர்கள். அவள் இப்போதுதான் தூங்கினாள்.

என் பெயரையும் முகவரியையும் உங்கள் பதிவேட்டில் எழுதிவிட்டு வந்தேன். வயது இருபத்தேழு. பட்டப்படிப்பு முடித்திருக்கிறேன். நீங்கள் பிடித்து வைத்திருக்கும் மேஸ்திரி வேலை பார்க்கும் அதே கட்டடத்தில், வரைபடங்களைக் கவனிக்கும் எழுத்தராக இரண்டு வருடமாக இருக்கிறேன்.

எங்கள் கட்டடத்தில் காகித வரைபடம் கிடையாது. திருத்திய வரைபடம் வந்தால் நான் கணினியில் ஏற்றுவேன், அது மேஸ்திரியின் டேப்லெட்டில் சிவப்பாக வந்து நிற்கும். அவர் ‘பார்த்தேன்’ என்ற பொத்தானை அழுத்தினால் பச்சையாகும். சிவப்பாக இருக்கும்வரை அந்த இடத்தில் யாரும் கை வைக்கக் கூடாது.

ஆனால் அவர் விரலைத் திரை ஏற்காது. இருபது வருடச் சிமெண்டில் அது காய்த்துப் போயிருக்கிறது. முதல் வாரமே, “என் விரலை இந்தப் பெட்டி ஒரு ஆளாவே மதிக்க மாட்டேங்குது தங்கச்சி, நீயே அமுக்கு” என்றார். அதன் பிறகு தினமும் காலை ஏழு மணிக்கு நான் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டுவேன், அவர் அளவுகளை வாய்விட்டுத் திருப்பிச் சொல்வார், சரியாகச் சொன்ன பிறகே அவர் பெயரில் நான் அழுத்துவேன். அவருடைய கடவுச்சொல் என் கைப்பேசியிலும் இருந்தது. மேலாளருக்கும் இது தெரியும்.

திங்கட்கிழமை காட்டிய வரைபடத்தில், மாடிப்படிக்கு அடியில் முட்டுக் கொடுத்த கம்பங்களை வியாழக்கிழமை எடுக்கலாம் என்று இருந்தது. செவ்வாய் மாலை, இன்னும் ஏழு நாள் எடுக்கக் கூடாது என்று திருத்தம் வந்தது. அதை ஏற்றிவிட்டு, காலையில் காட்டிக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்தேன். புதன் விடியும்போது பிள்ளைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. கணவர் வெளியூரில் வேலை பார்ப்பதால் நானே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது மேலாளர் கூப்பிட்டு, “ஒண்ணு இன்னும் செவப்பா நிக்குதும்மா, முடிச்சு விடுங்க” என்றார். நான் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் அழுத்தினேன். அழுத்திவிட்டு மேஸ்திரிக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் செவிலியர் பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டார். உள்ளே போனேன். பிறகு அந்த நினைப்பே வரவில்லை.

வியாழன் காலை மேஸ்திரி பார்த்தபோது எல்லாம் பச்சையாக இருந்தது. கம்பங்களை எடுக்கச் சொன்னார். படியின் கீழ்ப்பாதி உடைந்து, அடியில் பலகை பிரித்துக்கொண்டிருந்த தொழிலாளியின் வலது கால் முறிந்தது. நேற்று அந்தத் தொழிலாளியை மருத்துவமனையில் பார்த்து நடந்ததைச் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது நியாயம்தான்.

அதன் பிறகுதான், மேஸ்திரி உங்களிடம் “பார்த்தேன், மறந்துட்டேன்” என்று கைநாட்டு வைத்துவிட்டார் என்று தெரிந்தது. ஐயா, அவர் பார்க்கவே இல்லை. இன்று காலை கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். “பால் குடிக்கிற புள்ளைய வச்சிக்கிட்டு நீ இங்க வந்து உக்காரப் போறியா? எனக்கென்ன, ரெண்டு நாள் முதுகுக்கு ஓய்வு. வாயைத் தெறக்காம வீட்டுக்குப் போ” என்று அதட்டினார். என் பிள்ளை கம்பி வழியாக அவர் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவளை எடுத்தபோதுதான் அழுதாள். அலுவலக மூலையில் அவள் தூங்கும் பலகைத் தொட்டில் அவர் செய்தது. சிலாம்பு குத்தாமல் இருக்க நாலு விளிம்பையும் மூன்று நாள் தேய்த்தார்.

அழுத்தியது எந்தக் கருவி என்பதும் பதிவாகும். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன்: புதன், காலை 10.14, என் கைப்பேசி. அதே நேரத்துக்கு மருத்துவமனைச் சீட்டும் இருக்கிறது. அவருடைய டேப்லெட்டைத் திறந்து அவர் விரலை நீங்களே வைத்துப் பாருங்கள்.

யாரும் சொல்லிக்கொடுக்காமல், எனக்குத் தெரிந்து நடந்ததை நடந்தபடியே எழுதியிருக்கிறேன். இதில் என் தவறு எதுவோ அதற்கு நான் பொறுப்பு. என்னை எப்போது கூப்பிட்டாலும் வருவேன், பிள்ளையையும் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கும்.

(கையெழுத்து)

அவரை எப்போது விடுவீர்கள் என்று சீக்கிரம் பதில் போடுங்கள் ஐயா. கைப்பேசியைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.