கொடியில் ஒரு துணி

நேற்று தூறல் விழுந்ததும் என் வீட்டுத் துணிகளை எடுத்து, மடித்தும் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். நல்ல மனசு. புந்தோங்கில் இந்த வரிசை வீட்டுக்கு நீங்கள் குடிவந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் பக்கத்து வீட்டுத் துணி நனையக்கூடாது என்று ஓடிவருகிறீர்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இனிமேல் எடுத்தால் ஒரு துணியையாவது கொடியில் விட்டுவிட்டு எடுங்கள். அது நனைந்தால் நனையட்டும்.

ஜன்னலோரம் படுத்திருக்கும் என் தம்பி லூர்துசாமி தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் எழுப்பியதாகவும், நீங்கள் பயந்துபோனதாகவும் சொன்னீர்கள். அவனுக்குப் பேச்சு வராது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. கொடி வெறுமையாகக் கிடந்தால் மட்டும் அவனுக்கு ஆகாது. ஏன் என்று கேட்டீர்கள். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். அடுப்பில் பால் எதுவும் இல்லை. உட்காருங்கள், சொல்கிறேன்.

கொடியைப் பற்றி முதலில் சொன்னால்தான் மற்றது விளங்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கொடி தொய்ந்து கிடக்கிறது. தொய்ந்த கொடியில் துணியெல்லாம் சறுக்கிக்கொண்டு நடுவுக்கு வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெயில் எவ்வளவு அடித்தாலும் உள்மடிப்பு காயாது. எடுத்து உடுத்தினால் ஈர வாடை வரும். கயிற்றையோ கம்பியையோ குறை சொல்லிப் பயனில்லை. தினமும் ஒருதடவை இறுக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். சோம்பல் பட்டால் கொடி காட்டிக்கொடுத்துவிடும்.

நாங்கள் காம்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். வேலைக்காரர்களின் வரிசை வீடுகளாக இரண்டு லயங்கள் எதிரெதிரே, நடுவில் செம்மண் பாதை. எல்லோரும் தங்கள் வாசல் தூணிலிருந்து எதிர்ப்பக்கத்து மரத்துக்குக் குறுக்கே கம்பி இழுத்துத்தான் துணி காயப்போடுவோம். வேறு இடம் கிடையாது. ஆண்கள் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் திரும்புகிற நேரத்துக்கு முன்னால் துணியை எடுத்து, கம்பியையும் கழற்றிச் சுருட்டி வாசல் ஆணியில் மாட்டிவிடுவோம். லயத்தில் யாரும் எழுதிவைக்காத சட்டம் அது. துணி கிடந்தால் கம்பி இருக்கிறது, குனிந்து போக வேண்டும். துணி இல்லையென்றால் கம்பியும் இல்லை, தலை நிமிர்ந்து போகலாம். பொழுது மங்கினால் கம்பி கண்ணுக்குத் தெரியாது. துணிதான் தெரியும். கம்பியை மாட்டிவிட்டு வெறுமையாக விடுகிறவளை லயமே சேர்ந்து ஏசும்.

லூர்துக்கு அதைக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். அம்மாவும் அப்பாவும் போனபோது அவன் அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தான். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, பால் எடுக்க மரம் வெட்டப் போவேன். கொஞ்சம் வளர்ந்ததும் பாதையில் கண்மண் தெரியாமல் ஓடுவான். ஒருநாள் ஓடிவந்தவன் யார் வீட்டுக் கொடியிலோ கிடந்த கைலிக்குள் முகத்தை விட்டு, கம்பியில் நெற்றியைக் கீறிக்கொண்டான். மஞ்சள் வைத்து அழுத்திக்கொண்டே சொன்னேன்.

"துணியப் பாத்து ஓடுடா. துணி கெடந்தா குனிஞ்சிக்க. துணி இல்லேனா பயமில்லாம ஓடு."

நான் சொன்னதை அவன் எப்போதும் கேட்பான். வீம்பு பிடிக்காத பிள்ளை. சித்தியவானிலிருந்து ஒரு நல்ல இடம் என்னைக் கேட்டு வந்தது. வேண்டாம் என்றேன், அவனுக்காக. வேண்டாம் என்று சொல்லச் சொல்லி அவன் கேட்கவில்லைதான். குழந்தைக்கு என்ன கேட்கத் தெரியும். அவனுடைய சட்டையில் ரப்பர் ஒட்டுப்பால் வாடை வந்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார், "ஒங்க வீட்டுல யாருடா தொவைக்கிறது?" என்று கேட்டாராம். வந்து சொன்னான். அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

வளர்ந்து காம்பாரில் ஒரு பட்டறையில் இரும்பு வேலைக்குச் சேர்ந்தான். அதுவரை நான் கம்பியின் முனையில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கித்தான் கொடியை இறுக்குவேன். மத்தியானத்துக்குள் அது தளர்ந்துவிடும். முதல் சம்பளம் வாங்கிய மாதம் அவனே ஒரு திருகு செய்து கொண்டுவந்தான். நடுவில் நீளமாக ஓர் இரும்புச் சட்டம், இரண்டு பக்கமும் கொக்கி. சட்டத்தைத் திருப்பினால் கொக்கிகள் உள்ளே வந்து கம்பியை இழுத்துப் பிடிக்கும்.

"அக்கா, இனிமே ஒங்க கொடி தொங்காதுலா. கையும் வலிக்காது" என்றான்.

அதற்குப் பிறகு லயத்தில் என் கொடிதான் கொடி. ஈரப் போர்வை போட்டாலும் அசையாது. நான் குள்ளம் என்பதால் கம்பியைத் தாழ்வாகத்தான் கட்டுவேன். அவன் மோட்டார் வாங்கிய புதிதில் ஒருநாள் கொடிக்கு அடியில் வண்டியை நிறுத்தித் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தபோது கம்பி அவன் தொண்டைக்கு நேராக இருந்தது. அதைக் கவனித்தேன். கவனித்தேன், அவ்வளவுதான்.

ஆலிஸைப் பற்றி நான் தவறாக ஒன்றும் சொல்ல மாட்டேன். சிம்பாங் பூலாய் பெண், தையல் தெரியும், மாதா கோயிலில் பாட்டுக் குழுவில் இருந்தாள். அவன் கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்றான். சரி என்றேன். கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள், மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். அந்த நாட்களில் ஒருதடவை அவள் வீட்டுக்குப் போனவன் மழையில் தொப்பலாக நனைந்துவிட்டானாம். அவளுடைய அண்ணன் சட்டையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த வாரம் இவன் சட்டை துவைத்து வந்தது. நான் அதை விரித்துப் பார்த்தேன். நீலம் அதிகம். நெஞ்சுக்குக் குறுக்கே கயிற்றுத் தடம். மோந்து பார்த்தேன், கக்கத்தில் ஈர வாடை. தொய்ந்த கொடியில் காய்ந்த சட்டை. அதைத் திரும்பத் துவைத்தேன்.

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, எனக்காவ எவ்வளவு தொவச்சிட்டீங்க. கல்யாணம் முடிஞ்சா நாங்க சிம்பாங் பூலாயில வாடகைக்கு வீடு பாத்திருக்கோம். இனிமே ஆலிஸே என் துணியெல்லாம் பாத்துக்குவா. ஒங்களுக்கும் வேல கொறஞ்சி செனாங்கா இருக்கும்லா. நான் மாசத்துக்கு ஒருக்கா வாரேன்."

என் பாரம் குறையும் என்று நினைத்து, பாசமாகத்தான் சொன்னான். அவன் துணி இல்லாத வாளியை நினைத்துப் பார்த்தேன். என்னுடைய இரண்டு சேலையும் ரவிக்கையும் மட்டும் காய்கிற கொடியை நினைத்துப் பார்த்தேன். அதற்கு எதற்குத் திருகு? "போலாம்டா, ஒனக்கு எது நல்லதோ செய்யி" என்றேன்.

கடைசி ஓலை வாசிப்பதற்கு முந்தின நாள், சனிக்கிழமை. விளக்கு வைக்கிற நேரத்தில் அவன் வேலை முடிந்து வந்தான். கொடிக்கம்பி பாதையில் இருந்தது. வந்த வேகத்தில் தொண்டையில் பட்டு, வண்டி மட்டும் முன்னால் போய் சாக்கடையில் விழுந்தது. அவன் பின்னந்தலை தரையில் அடிக்க மல்லாந்து கிடந்தான். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் பல மாதம் வைத்திருந்தார்கள். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். மற்றது முடியாது என்றார்கள்.

போலீஸ்காரர் வந்து கேட்டபோது சொன்னேன். மழை வருவதுபோல் இருந்தது, அவசர அவசரமாகத் துணியை எடுத்தேன், கம்பியைக் கழற்ற மறந்துவிட்டேன். அவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "அழாதீங்க" என்றார். நான் அழுதுகொண்டிருந்தேன், அது பொய்யில்லை. இன்றைக்கும் அழுகிறேன்.

ஆலிஸ் ஒரு வருஷம் வந்து போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டே இருப்பாள். நான்தான் அவளுக்குப் புத்தி சொன்னேன். உன் வயசு வீணாகக்கூடாது, அவனுக்கு நான் இருக்கிறேன் என்றேன். என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். பிறகு தோட்டத்தை விற்றார்கள், லயத்தை இடித்தார்கள், நாங்கள் இங்கே வந்தோம். திருகை மட்டும் மறக்காமல் கொண்டுவந்தேன். பின்கட்டில் என் கொடியைப் பிடித்து நிற்பது அதுதான். அவன் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று கட்டிலை ஜன்னலோரம் போட்டேன். கோயிலில் என்னைத் தாய்க்குத் தாய் என்கிறார்கள். சாமியார் பிரசங்கத்தில்கூடச் சொன்னார்.

இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நீங்கள் ஏன் என்று கேட்டீர்கள் அல்லவா, அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

அன்று மழை வருவதாக இல்லை. எதிர் வீட்டுக் காளியம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னாக்கா, சொட்டச் சொட்ட எடுக்கிறீங்க?" என்றாள்.

"மழ வரும்போல இருக்கு."

"வானம் வெளுத்துல்ல கெடக்கு" என்று சிரித்துவிட்டு முறத்தோடு உள்ளே போனாள். அப்புறம் அதை அவள் எங்கும் சொல்லவில்லை. மறந்துவிட்டாளோ, மறந்ததுபோல் இருந்தாளோ, தெரியாது.

துணியை எடுத்ததும் பாரம் குறைந்து கம்பி கொஞ்சம் மேலே போயிற்று. கொக்கியைப் பழைய அளவுக்கு இறக்கி மாட்டினேன். பிறகு திருகைத் திருப்பினேன். கை வலிக்கும்வரை திருப்பினேன். தொய்ந்த கம்பியாக இருந்திருந்தால் பட்டதும் இளகிக்கொடுத்திருக்கும், கீறலோடு போயிருக்கும். துணி போடாத கொடியை எதற்காக இறுக்கினாய் என்று போலீஸ்காரர் கேட்டிருக்கலாம். துவைக்கிறவராக இருந்திருந்தால் கேட்டிருப்பார்.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. ஆண்டவர் அறிவார். கையோ காலோ ஒடியும், கல்யாணம் தள்ளிப்போகும், கொஞ்ச நாள் வீட்டில் கிடப்பான், கஞ்சி வைத்துக் கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன். வாசலில் உட்கார்ந்தேன். ஈரத்துணி வாளி காலடியில் இருந்தது. வண்டிச் சத்தம் கேட்டபோதுகூட ஒரு துண்டை எடுத்துக் கம்பிமேல் வீசியிருக்கலாம். அவன் என்னைப் பார்த்துவிட்டான். வழக்கம்போல் ஹாரன் அடித்தான், சிரித்தான். வேகத்தைக் குறைக்கவில்லை. எதற்குக் குறைக்க வேண்டும்? கொடியில் துணி இல்லை.

அவனுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். சாயங்காலம் நான் துணி எடுக்கப் போனால் அவன் கண் என் கையையே பார்க்கும். ஒவ்வொன்றாக எடுப்பேன். கடைசித் துணியைத் தொட்டால் அந்தச் சத்தம் வரும். அதனால் அதை மட்டும் விட்டுவிட்டு உள்ளே வருவேன். வந்து பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டிருப்பான். தூங்கிவிட்டான் என்று போர்வையை இழுத்துவிடுவேன்.

அதனால்தான் சொல்கிறேன், ஒரு துணி கிடக்கட்டும். மற்றபடி அவனுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. நீங்களே அவன் சட்டையைத் தொட்டுப் பாருங்கள், மோந்துகூடப் பாருங்கள். இத்தனை வருஷம் படுக்கையில் கிடக்கிறவன் மேல் ஒரு வாடை உண்டா? ஆலிஸ் இப்படிப் பார்த்துக்கொண்டிருப்பாளா, சொல்லுங்கள்.