ஆளில்லாத பல்

அக்கா: இரு, இருடா... அடுத்த படத்துக்கு ஓடாதே. இந்தக் கடைவாய்ப் பல்லுல சொத்தை வேர் வரைக்கும் போயிருக்கு. இந்தாளை உடனே என் கிளினிக்குக்கு வரச் சொல்லு.

தம்பி: வர மாட்டாருக்கா.

அக்கா: பயமா? நான் பேசறேன். நம்பர் குடு.

தம்பி: அக்கா... அப்படி ஒரு ஆளே கிடையாது. இந்த எக்ஸ்ரே கம்ப்யூட்டர் தானா வரைஞ்சது.

அக்கா: ...சொத்தை கூடவா?

தம்பி: சொத்தை, வேர், தாடை, எல்லாமே! பல் டாக்டருக்குப் படிக்கிறவங்க பார்த்துப் பழகணும்ல? நோயாளிங்க படத்தைக் கேட்டா யாரும் தர மாட்டேங்கறாங்க. அதான் எங்க ஆபீஸ்ல இந்த வேலை. எது நிஜம், எது பொய்னு ஒரு டாக்டர் சொல்லணும். நீ இதுவரைக்கும் ஆறு தப்பு.

அக்கா: பதினஞ்சு வருஷமா ஊரார் வாய்க்குள்ளயே குடித்தனம் நடத்தறவடா நான்! அடுத்ததைக் காட்டு.

தம்பி: இதோ...

அக்கா: ஹா! பொய். கண்ணை மூடிட்டுச் சொல்வேன்.

தம்பி: திறந்துட்டே சொல்லேன்.

அக்கா: ஞானப்பல் பக்கத்துப் பல்லு மேல சாஞ்சு தூங்குது. அடியில சீழ் வேற. இவ்வளவு வலியோட எவனாவது சும்மா இருப்பானா? உன் கம்ப்யூட்டருக்குக் கொழுப்பு!

தம்பி: ஒருவேளை... அவன் பயந்தாங்கொள்ளியா இருந்தா?

அக்கா: இருந்தா என்ன, மனுஷன்னா... டேய். இங்க திரும்பு. கன்னம் ஏன் உப்பியிருக்கு?

தம்பி: மிட்டாய்.

அக்கா: அரை மணி நேரமாவா? வாயைத் திற!

தம்பி: ம்ஹூம்.

அக்கா: இது உன் பல்லு!

தம்பி: நிஜப் படம் ஒண்ணு குறைஞ்சுதுக்கா... அதான் என்னோடதைச் சேர்த்தேன். நீ பொய்னுட்டே. ஏழு தப்பு.

அக்கா: என்கிட்ட நீ எக்ஸ்ரே எடுக்கவே இல்லையே. எங்க எடுத்தே?

தம்பி: உன் கிளினிக்குக்கு எதிர் வரிசையில...

அக்கா: அந்த மீசைக்கார டாக்டர்கிட்டயா! கூடப்பிறந்தவ இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன்...

தம்பி: ஆடற பல்லைப் பிடுங்கறேன்னு ஆடாத பல்லைப் பிடுங்கினவதானே நீ! அவர் அதட்டறதே இல்லைக்கா. ஊசி போடறப்போ கையைப் பிடிச்சுக்கறாராம். நாளைக்குத்தான் பிடுங்கறார்.

அக்கா: ...கையைப் பிடிச்சுக்கறாரா?

தம்பி: ம். திட்டு, நல்லாத் திட்டிக்கோ.

அக்கா: எத்தனை மணிக்கு?

தம்பி: பத்து. ஏன்... அவரோட சண்டைக்கு வரப் போறியா?

அக்கா: இல்லடா... எனக்கும் ரெண்டு மாசமா இடது பக்கம் மெல்லவே முடியலை. யார்கிட்டயும் சொல்லாம மாத்திரையை முழுங்கிட்டிருக்கேன். நானும் வரேன்... அவர்கிட்ட நான் துணி தைக்கிறவள்னு சொல்லிடு.