கிடாவுக்கு எந்த சீட்டு?

விழாத் தலைவரும் எனக்குக் கணிதம் கற்பித்த பேராசிரியருமான ஆரோக்கியநாதன் அவர்களே! பண்பு நிறைந்த பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் பெருமையை முகத்திலும் ஏந்திய தாய்மார்களே! செஞ்சிக் கோட்டை மதில்மேல் குந்தியிருக்கும் காளையர்களே! தனகோட்டியின் தலை தாழ்ந்த வணக்கம்.

பல்கலைக்கழகம் பட்டம் தருகிறது, பாராட்டுகிறேன். பட்டத்தோடு பிழைக்கும் வழியையும் தருகிறதா?

கடலை பிடுங்கிய கூலியில் என்னைப் படிக்க வைத்தார் என் நைனா. கணிதத்தில் முதல் வகுப்பு! கை தட்டாதீர்கள், கதை இனிமேல்தான். பஸ் முதலாளி விநாயகம் அவர்கள், மேல்மலையனூர் கோயில் அமாவாசைக்கு ஸ்பெஷல் பஸ் கணக்குப் போடச் சொன்னார். முன்பெல்லாம் இருபது பஸ் ஓடும். பயணிகள் அறுநூறு, பஸ்ஸுக்கு ஐம்பது இருக்கை, பன்னிரண்டே போதும் என்றேன். அடடா, என்ன அழகான வகுத்தல்! மீதிகூட இல்லை!

அமாவாசை வந்தது. பன்னிரண்டு பஸ்ஸும் போயின. கால்வாசிக் கூட்டம் பஸ் நிலையத்திலேயே நின்றது. நேர்த்திக்கடன் கிடாவோடு நின்ற பவுனம்மாள் கேட்டார்: "இன்னாய்யா, பி.எஸ்ஸி. படிச்சவனே! உன் கணக்குல என் கிடா எந்த சீட்டுல குந்தும்?"

கிடா மட்டுமா? கோழிக்கூடை, பொங்கல் பானை, விறகுக்கட்டு! என் கணிதம் இவற்றைக் கண்டதே இல்லை.

முதலாளி சொன்னார்: "அடுத்த அமாவாசையும் இப்டின்னா ஊட்டுக்குப் போயிடு, தம்பி." நைனாவோ, "எம்புள்ளைக்கு வேலை கெடச்சிடுச்சி" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். எந்த முகத்தோடு திரும்புவேன்? அழுதேன், ஐயா.

மறுநாள் கண்டக்டர் காஸ்பரைப் பிடித்தேன். "டிக்கெட்ட எண்ணாத சார், மூட்டைய எண்ணு" என்றார். இருபது நாள் அவர் பின்னால் ஓடினேன். ஏறினேன், இறங்கினேன், மூட்டை தூக்கினேன். அடுத்த அமாவாசைக்கு இரண்டு பஸ்ஸில் பின்னிருக்கைகளைக் கழற்றிக் கிடாக்களை ஏற்றினேன். பதினாறு பஸ், ஒருவரும் பாக்கி நிற்கவில்லை. பவுனம்மாளின் கிடா கால் நீட்டிப் படுத்துக்கொண்டு போயிற்று! என் வேலையும் நிலைத்தது.

என்ன தம்பி? "அப்போ படிப்பு வேணாமா?" என்கிறீரா? வேண்டும், தம்பி, வேண்டும்! படிக்காமல் இருபதைப் பதினாறாக்க முடியுமா? ஆனால் அந்த இருபது நாளைக் கல்லூரியிலேயே தந்திருந்தால் நான் அழுதிருப்பேனா?

தலைவர் அவர்களே! பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவில் தாங்கள் இருக்கிறீர்கள். ஆண்டுக்கு ஒரு மாதம் மாணவர்களை மண்டிக்கு அனுப்புங்கள், மருத்துவமனைக்கு அனுப்புங்கள், எங்கள் பஸ் நிலையத்துக்கு அனுப்புங்கள்! அதற்கும் மதிப்பெண் போடுங்கள்! பாடத்திட்டத்தில் இடமேது என்பீர்கள். கிடாவுக்கே இடம் கண்டுபிடித்தோம், ஐயா! மாணவனுக்குக் கிடைக்காதா?

தலைவர் சிரிக்கிறார், தலையும் ஆட்டுகிறார்! பார்த்துக்கொள்ளுங்கள், செஞ்சியே சாட்சி. தலைவர் ஐயா, வரும் அமாவாசைக்கு உங்கள் வகுப்போடு வாருங்கள். முதல் பஸ்ஸில் முன்னிருக்கை உங்களுக்கு. பொறுமையோடு கேட்ட அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி, வணக்கம்!