ஹொலண்ட் மைதானத்தில் ஒரு வீடு

பிள்ளைகளே, நேற்று பாரிஸ் ரூ காய் தெருவில் உள்ள நம்மவர் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு தகப்பனும் மகனும் கதைத்ததை உங்களுக்காக எழுதுகிறேன். வன்னியில் முகாமில் இருந்துவிட்டுப் புதிதாக வந்திருந்த தகப்பன் கூடை நிறையச் சவுக்காரமும் பால்மாவும் எடுத்திருந்தார். மகன் சிரித்தான்.

"ஏனப்பா இவ்வளவு?"

"உன்ரை தங்கச்சி ஹொலண்டிலை ஸ்டேடியத்திலை இருக்கிறாள் எண்டாய். அங்கை எத்தினை குடும்பம்?"

"அவளும் மனுசனும் மட்டும்தான். அந்தச் சின்ன மைதானத்தைப் பாக்கிற வேலை. வீடும் அங்கையே."

"கூரை இருக்கோ?"

"ஒரு பக்கத்துக்கு இருக்கு. அந்தக் காலத்திலை ஊர்ச்சனமே செங்கல் சுமந்து கட்டின மேடை. சனம் இருந்து மட்ச் பாக்கிறது. அதுக்குக் கீழைதான் வீடு."

"குளிக்கிறதுக்கு வரிசையோ?"

"ஒரு டீமே ஒண்டாக் குளிக்கலாம். சுடுதண்ணி. மட்ச் இல்லாத நாளிலை அவ்வளவும் அவளுக்குத்தான்!"

"சுத்திக் கம்பிவேலியாமே?"

"அது பந்து றோட்டுக்குப் போகாமல், அப்பா. முகாம் இல்லை."

தகப்பனுக்கு இன்னும் விளங்கவில்லை. குரலைத் தணித்துக் கேட்டார்.

"இரவிலை வாசலை ஆர் பூட்டுறது?"

"அவள்தான். திறப்பு அவளிட்டைத்தான் இருக்கு."

"உள்ளுக்கிருந்தோ?"

"ஓம் அப்பா, உள்ளுக்கிருந்துதான்."

அவர் கூடையிலிருந்த சவுக்காரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார்.

நான் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் ஒருவரும் இல்லை. கதவை உள்ளே இருந்து பூட்டிப் பார்த்தேன்; திறப்பு என் கையில்தான் இருந்தது. பிறகு திறந்தேன்.